காதைப் பொத்தும் குழந்தை

பல்லாவரம் ரயில் நிலையத்தில் இறங்கி மேற்கே மூன்று நான்கு மைல் சென்றால் திருநீர்மலை தெரியும். ஒரு சமயம் மலையைச் சுற்றிலும் தண்ணீர் சூழ்ந்து நின்றபடியால், அது வடியும் வரையில் திருமங்கையாழ்வார் ஆறு மாத காலம் காத்திருந்து சேவித்தார் என்பது ஸ்தல வரலாறு. இந்த க்ஷேத்திரத்தின் விசேஷம் யாதெனில், பெருமாளை இங்கே நான்கு திருக்கோலங்களிலும் தரிசிக்கலாம். அடிவாரத்துக் கோயிலில் நின்ற கோலம். மலைமேல் இருந்த கோலம், கிடந்த கோலம், நடந்த கோலம்.

இவ்வாரம் நாம் ஸ்தல புராணம் சொல்ல முன்வரவில்லை. எனினும் இந்த நான்கு நிலைகளையும் எண்ணும்போது வேறொரு விஷயம் நமது மனத்தில் எழுகிறது. வரிசையைச் சற்று மாற்றினால், ஒவ்வொரு மனிதக் குழந்தையும் பிறந்தது முதல் கற்றுக்கொள்வது இவற்றைத்தான். முதலில் கிடக்கிறது, பிறகு உட்கார்ந்திருக்கிறது, பிறகு நிற்கிறது, பிறகு நடக்கிறது. சுமார் ஒன்றரை வருஷத்தில் இந்தப் படிப்பு முடிந்துவிடுகிறது. குழந்தை குப்புறக் கவிழ்ந்ததற்கு ஒரு பலகாரம், வாசற்படி தாண்டியதற்கு ஒரு பலகாரம் என்று செய்து அண்டை அயலாருக்கு வழங்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. ஆனால் குழந்தைக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுத்த உபாத்தியாயர் யார் என்று எவரும் கேட்பதில்லை. உள்ளங்காலில் படும் தரை, தசைகளில் ஏறும் இழுப்பு, காதுக்குள் அசையும் ஒரு துளி நீர் ஆகியவையே அந்த உபாத்தியாயர்கள்.

பெரும்பாலான குழந்தைகளிடம் அவர்கள் நிதானமான குரலில் பேசுகிறார்கள். சில குழந்தைகளிடம் மட்டும் ஓயாமல் கூச்சலிடுகிறார்கள்; வேறு சிலரிடம் காதில் விழாதபடி முணுமுணுக்கிறார்கள். அந்தக் குழந்தைகளைப் பற்றியே நாம் இன்று எழுதப் புகுந்தோம்.

நேயர்கள் அவர்களைப் பார்த்திருப்பார்கள். உற்சவ காலத்தில் தவிலும் நாதஸ்வரமும் முழங்கும்போது மற்றக் குழந்தைகள் முண்டியடித்துக்கொண்டு முன்னே ஓட, ஒரு குழந்தை மட்டும் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு தாயின் சேலைத் தலைப்பில் முகத்தைப் புதைத்துக்கொள்ளும். கல்யாண வீட்டில் கெட்டிமேளம் கொட்டியவுடன் வீறிட்டு அலறும். முடியிறக்கும்போது நான்கு பேர் சேர்ந்து பிடித்தாலும் அடங்காது. உடனே சுற்றியிருப்பவர்கள் தீர்ப்புக் கூறுவார்கள். "செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள்" என்பார் ஒருவர். "இரண்டு அறை வைத்தால் எல்லாம் சரியாய்ப் போய்விடும்" என்பார் இன்னொருவர். "யாரோ கண்வைத்துவிட்டார்கள், மந்திரித்துக் கட்டுங்கள்" என்பாள் ஒரு பாட்டி. தாய் பதில் பேச மாட்டாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுவாள். அடுத்த கல்யாணத்துக்கு அவள் வரமாட்டாள்.

மேற்படி தீர்ப்புகள் மூன்றும் தவறானவை. அதைக் கூறிவிட்டு, இதற்கென்று இன்று அளிக்கப்படும் பயிற்சியால் எந்த அளவுக்குப் பலன் உண்டு, எந்த அளவுக்கு இல்லை என்பதையும் ஒளிவு மறைவின்றி எடுத்துச் சொல்வது நமது நோக்கம்.

ஐந்துக்கு மேற்பட்ட புலன்கள்

புலன்கள் ஐந்து என்பது நமது பழைய கணக்கு. உயிர்களை அறிவின் வரிசைப்படி வகுத்த தொல்காப்பியர் தொடு உணர்ச்சியை முதல் அறிவாக வைத்தார். தாயின் வயிற்றில் வளரும் சிசுவுக்கும் புலன்களுள் முதலில் விழித்துக்கொள்வது தொடு உணர்ச்சிதான் என்று இன்றைய உடல்நூலார் கூறுகின்றனர். ஆனால் அந்த ஐந்துக்கும் அப்பால், வெளியே உறுப்புத் தெரியாத வேறு புலன்களும் நமக்கு உண்டு.

ஒன்று, சமநிலைப் புலன். உட்காதில் மூன்று அரைவட்டக் குழாய்களும் இரண்டு சிறு பைகளும் இருக்கின்றன. தலை திரும்பும்போது குழாய்களிலுள்ள திரவம் அசைந்து நுண்ணிய மயிரிழைகளை வளைக்கிறது. பைகளில் உள்ள சுண்ணாம்புப் பொடி போன்ற துகள்கள் பூமி எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதைத் தெரிவிக்கின்றன. ஊஞ்சலில் ஆடும்போதும், மலைப்படியில் இறங்கும்போதும் நாம் விழாமல் இருப்பது இவற்றின் உபகாரமே. மற்றொன்று, தசைகளிலும் மூட்டுகளிலும் உள்ள உணர்வு. கண்ணை மூடிக்கொண்டு மூக்கின் நுனியைத் தொட நம்மால் முடிகிறதல்லவா? கை எங்கே இருக்கிறது, மூக்கு எங்கே இருக்கிறது என்பதைப் பார்க்காமலே அறிவது இந்தப் புலன். பசி, தாகம், சிறுநீர் கழிக்க வேண்டிய அவசரம் ஆகியவற்றைத் தெரிவிக்கும் உள்ளுணர்வையும் மேலும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

இத்தனை வாசல்களின் வழியாகவும் இடைவிடாமல் செய்திகள் வந்துகொண்டிருக்கின்றன. மூளையானது ஒரு பெரிய தபாலாபீஸின் குமாஸ்தாவைப் போல் அவற்றைப் பிரிக்கிறது. அவசரமானதை உடனே அனுப்புகிறது, பயனற்றதை ஒதுக்கிவிடுகிறது. காலையில் சட்டை போட்டுக்கொண்ட கணத்தில் அது உடம்பில் படுவது நமக்குத் தெரிகிறது. பத்து நிமிஷத்தில் அதை மறந்துவிடுகிறோம். இப்போது இந்தப் பத்தியைப் படித்துக்கொண்டிருக்கும் நேயருக்கு, நாம் சொல்லும் வரையில், மின்விசிறியின் சத்தம் கேட்டிராது. குமாஸ்தா அதை ஒதுக்கிவைத்திருந்தார்.

ஒதுக்கத் தெரியாத குமாஸ்தா ஒருவர் இருந்தால் எப்படி இருக்கும்? சட்டைக் கழுத்திலுள்ள துணிச்சீட்டு நாள் முழுவதும் முள்ளாகக் குத்திக்கொண்டே இருக்கும். மிக்ஸி சுழலும்போது தலைக்குள் ரம்பம் ஓடும். இட்லி மாவில் கை பட்டால் நெருப்பில் பட்டது போல் இருக்கும். இப்படிப்பட்ட குழந்தை சாதத்தைத் தவிர வேறொன்றும் தின்ன மறுப்பதும், மணலில் கால் வைக்க மறுப்பதும், நகம் வெட்ட மறுப்பதும் பிடிவாதத்தினால் அல்ல. அதற்கு உண்மையாகவே அவஸ்தையாக இருக்கிறது.

இதற்கு நேர்மாறான குழந்தைகளும் உண்டு. பெயர் சொல்லி நான்கு தரம் அழைத்தாலும் திரும்புவதில்லை. விழுந்து முழங்கால் சிராய்த்து ரத்தம் வந்தாலும் அழுவதில்லை. மூக்கு ஒழுகுவதும், கால்சட்டை நனைந்திருப்பதும் அவர்களுக்குத் தெரிவதில்லை. சோம்பேறி, மந்தம் என்று இவர்களுக்குப் பெயர் வைத்துவிடுகிறோம். மூன்றாவது வகையினர் உணர்ச்சியைத் தேடி அலைகிறவர்கள். ஓயாமல் சுற்றுவார்கள், குதிப்பார்கள், சுவரில் மோதுவார்கள், கையில் அகப்பட்டதையெல்லாம் கடிப்பார்கள். ஒரே குழந்தையிடம் சத்தத்துக்குக் கூச்சமும், சுற்றுவதில் தீராத ஆசையும் சேர்ந்திருப்பதும் உண்டு.

இத்தகைய தொல்லை பல நிலைகளில் காணப்படுகிறது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளுள் மிகப் பெரும்பாலோரிடம் இது உண்டு. கவனக் குறைவும் மிகைத் துடிப்பும் உள்ளவர்களிடமும், மூளை வாதம் உள்ளவர்களிடமும், குறைமாதத்தில் பிறந்தவர்களிடமும் காணலாம். வேறு எந்தக் குறையுமில்லாத குழந்தையிடமும் காணலாம். இதைத் தனி வியாதி என்று கொள்வதா என்பதில் வைத்தியர்களிடையே அபிப்பிராய பேதம் இருக்கிறது. அமெரிக்க மனநோய் வைத்தியர்கள் 2013-ல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டு நூலில், புலனுணர்ச்சி மிகுதலும் குறைதலும் ஆட்டிசத்தின் அடையாளங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டன; தனி வியாதியாக ஏற்கப்படவில்லை. பெயரைப் பற்றிய தகராறு இருந்தபோதிலும் குழந்தை படும் பாட்டைப் பற்றித் தகராறு இல்லை.

ஒரு எச்சரிக்கை. கத்தரிக்காயை வெறுக்கிற குழந்தைகளெல்லாம் சிகிச்சைக்கு உரியவர்கள் அல்லர். உணவு, உறக்கம், குளியல், உடை, விளையாட்டு, பாடசாலை ஆகிய அன்றாடக் காரியங்கள் மாதக்கணக்கில் தடைப்பட்டால்தான் கவலை கொள்ள வேண்டும். அப்போதும் முதலில் செல்ல வேண்டியது குழந்தை வைத்தியரிடம். காதில் சீழ், பல்வலி, பார்வைக் குறை, கேள்விக் குறை இவை எதுவும் காரணம் அல்ல என்று தெளிந்த பிறகே மற்றது.

ஏர்ஸ் அம்மையாரும் கமலா நிம்ப்கரும்

புலன்களின் ஒருங்கிணைப்பைப் பற்றிய இந்தக் கொள்கையை வகுத்தவர் அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தைச் சேர்ந்த ஜீன் ஏர்ஸ் என்ற அம்மையார். 1920-ல் பிறந்து 1988-ல் காலமான அவர், ஆக்குபேஷனல் தெரபி என்னும் துறையில் பயின்று, பிறகு மனோதத்துவத்திலும் தேர்ச்சி பெற்றார். புத்தி நன்றாக இருந்தும் எழுதவும் படிக்கவும் ஓடியாடவும் தடுமாறும் குழந்தைகளைக் கண்டு, குறை அவர்களுடைய புலன்செய்திகள் ஒன்று சேரும் விதத்தில் இருக்கலாம் என்று கருதினார். 1972-ல் அவருடைய முதல் பெரும் நூல் வெளிவந்தது.

ஆக்குபேஷனல் தெரபி என்பதைத் தமிழில் தொழில்வழிச் சிகிச்சை என்கிறார்கள். குழந்தைக்கு என்ன தொழில் என்று கேட்க வேண்டாம். உண்பதும், உடுப்பதும், விளையாடுவதும், எழுதுவதுமே குழந்தையின் தொழில்கள். அவற்றைச் செய்யக் கற்பிப்பதால் அந்தப் பெயர்.

இந்தக் கலை நம் நாட்டில் வேரூன்றியதற்குக் காரணமான கதை நமது நேயர்களுக்கு உவப்பாக இருக்கும். எலிசபெத் லண்டி என்ற அமெரிக்கப் பெண்மணி நிம்ப்கர் என்னும் மராட்டியரை மணந்து, கமலா என்ற பெயரை ஏற்று, பாரத தேசத்தையே தமது தேசமாக்கிக்கொண்டார். பின்னர் அமெரிக்கா சென்று இந்தக் கலையைக் கற்றுத் திரும்பி, நமது நாடு குடியரசான அதே 1950-ஆம் ஆண்டில், பம்பாய் கே. இ. எம். மருத்துவமனையில் இதற்கென்று நாட்டின் முதல் பள்ளியைத் தொடங்கினார். இரண்டு வருஷம் கழித்து இத்துறையினரின் அகில இந்திய சங்கமும் ஏற்பட்டது. இன்று நமது ஊர்த் தெருக்களில் வர்ணப் பலகை மாட்டியிருக்கும் எத்தனையோ பயிற்சி நிலையங்களுக்கு மூலவித்து அந்தப் பம்பாய்ப் பள்ளி.

அந்த நிலையங்களுக்குள் சென்று பார்ப்பவருக்கு முதலில் ஏமாற்றமாகவே இருக்கும். மருந்து இல்லை, ஊசி இல்லை. உத்தரத்திலிருந்து விதவிதமான ஊஞ்சல்கள் தொங்கும். குதிக்க ஒரு வலை, உருள ஒரு பெரிய பந்து, நடக்க ஒரு குறுகிய மரச்சட்டம், ஏற ஓர் ஏணி, கையை அளைய அரிசியும் மணலும் நிரப்பிய தட்டுகள் இருக்கும். குழந்தை விளையாடுகிறது, ஒருவர் கூடவே விளையாடுகிறார். "இதற்கா இவ்வளவு பணம்?" என்று தாத்தா முணுமுணுப்பார்.

ஆனால் கூட விளையாடுகிறவர் சும்மா விளையாடவில்லை. குழந்தை எதைத் தேடுகிறது, எதைக் கண்டு பின்வாங்குகிறது என்று கவனித்து, அதன் சக்திக்கு ஒரே ஒரு படி மேலான காரியத்தை அதன் முன் வைக்கிறார். ஊஞ்சலில் குப்புறப் படுத்து ஆடிக்கொண்டே கூடையில் பந்து போடச் சொல்கிறார். அதில் சமநிலையும், தசை உணர்வும், பார்வையும் ஒருசேர வேலை செய்கின்றன. பலாத்காரம் கூடாது என்பது ஏர்ஸ் முறையின் ஜீவநாடி. அழுகிற குழந்தையின் கையைப் பிடித்துப் பசைக் கிண்ணத்தில் அழுத்துகிற இடத்தில் நடப்பது வேறு ஏதோ. அது இந்தச் சிகிச்சை அன்று.

பலன் உண்டா?

நிற்க. பணமும் காலமும் செலவழிக்கும் பெற்றோர்கள் கேட்கும் கேள்வி, "இதனால் பலன் உண்டா?" என்பதுதான். கேள்வி நியாயமானது, பதிலும் நேர்மையாக இருக்க வேண்டும்.

அமெரிக்கக் குழந்தை வைத்தியர்களின் சங்கம் 2012-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. புலன் கோளாறு என்பதைத் தனி நோயாக எழுதிக்கொடுக்க வேண்டாம் என்றும், இந்தச் சிகிச்சையை ஒரு முழுத் திட்டத்தின் பகுதியாக மேற்கொள்ளலாமாயினும் பலனைப் பற்றிய சான்று குறைவு என்பதைப் பெற்றோருக்குச் சொல்லிவிட வேண்டும் என்றும் அது கூறியது. 2014-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆராய்ச்சியில் ஆட்டிசம் உள்ள 32 குழந்தைகள் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். பத்து வாரங்களில் 30 தடவை பயிற்சி பெற்ற பிரிவினர், பெற்றோர் முன்கூட்டியே குறித்துக்கொடுத்த அன்றாட இலக்குகளில் மற்றவர்களைவிட அதிகம் முன்னேறினர். 2022-ல் பிரிட்டனிலிருந்து 138 குழந்தைகளை வைத்துச் செய்த பெரிய ஆராய்ச்சி வெளிவந்தது. அதில் ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, எரிச்சலிலும் ஆவேசத்திலும் பயிற்சி பெற்றோருக்கும் வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றோருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. தூக்கத்துக்கென்று விற்கப்படும் கனமான போர்வையையும் பிரிட்டனில் பரிசோதித்தார்கள். குழந்தைகளுக்கு அந்தப் போர்வை பிடித்திருந்தது. ஆனால் தூங்கிய நேரம் கூடவில்லை என்று 2014-ல் முடிவு வெளியாயிற்று.

இவற்றிலிருந்து நாம் அறிவது என்ன? இந்தப் பயிற்சி ஆட்டிசத்தைக் குணப்படுத்தாது. குழந்தையின் சுபாவத்தை மாற்றிவிடாது. ஆனால் "சட்டையைத் தானே போட்டுக்கொள்ள வேண்டும்", "தலைக்குக் குளிக்கும்போது அலறாதிருக்க வேண்டும்", "பந்தியில் கால் மணி உட்கார வேண்டும்" என்று சிறிய, தெளிவான இலக்கை வைத்துக்கொண்டு முயன்றால் சில குழந்தைகளுக்கு உதவக்கூடும். ஆகவே ஊஞ்சல் எத்தனை விதம் என்று எண்ணாமல், வீட்டில் எந்தக் காரியம் சுலபமாயிற்று என்று எண்ண வேண்டும்.

பயிற்சி நிலையத்தை நாடும் பெற்றோர்கள் சில கேள்விகளைக் கூச்சமின்றிக் கேட்கலாம். பயிற்சி அளிப்பவர் தொழில்வழிச் சிகிச்சையில் பட்டம் பெற்றவரா? 2021-ஆம் வருஷத்து மத்திய சட்டம் இத்துறையினரையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்திருக்கிறது. முதலில் குழந்தையைப் பரிசோதித்து, இரண்டு மூன்று இலக்குகளைத் தமிழில் எழுதித் தருவாரா? தாய் உள்ளே இருந்து பார்க்கலாமா? வீட்டில் செய்ய வேண்டியதைக் கற்றுத் தருவாரா? மூன்று மாதம் கழித்து முன்னேற்றம் இல்லையென்றால் முறையை மாற்றவோ நிறுத்தவோ சம்மதிப்பாரா? இவற்றுக்கு முகம் சுளிப்பவரிடமும், இத்தனை மாதத்தில் பூரண குணம் என்று உத்தரவாதம் கொடுப்பவரிடமும் குழந்தையை ஒப்புவிக்க வேண்டாம். கழுத்துச் சங்கிலியை விற்றுப் பணம் கட்டுகிற தாய்மார்களின் நம்பிக்கையை வியாபாரமாக்குவதைவிடக் கொடிய காரியம் வேறில்லை.

வீட்டிலே செய்யக்கூடியது

வாரத்தில் பயிற்சி நிலையத்தில் கழிவது இரண்டு மணி. மற்ற நேரமெல்லாம் குழந்தை வீட்டில் இருக்கிறது. ஆதலால் வீட்டார் அறிய வேண்டியது அதிகம்.

முதலாவது, தொல்லை தருவதை நீக்கக்கூடிய இடத்தில் நீக்கிவிடலாம். சட்டையின் துணிச்சீட்டைக் கத்தரித்துவிடுவதற்குச் சிகிச்சை வேண்டியதில்லை. மிக்ஸியைப் போடுமுன் "சத்தம் வரப்போகிறது" என்று சொல்லலாம். உற்சவத்துக்குக் கூட்டம் சேருமுன் போய்விட்டு, மேளம் கிளம்புமுன் திரும்பலாம். தீபாவளிக்குக் காதை மூடும் கருவி வாங்கிக்கொடுக்கலாம். தொடும்போது மெல்ல வருடினால் கூசுகிற குழந்தை, நிதானமாக அழுத்திப் பிடித்தால் அடங்குவதுண்டு. முடியிறக்குவதையும் காது குத்துவதையும் கூட்டமில்லாத நாளில், முன்கூட்டியே காட்டிச் சொல்லி, நாலைந்து பேர் மட்டும் இருந்து செய்யலாம். தெய்வம் அதற்காகக் கோபிக்காது. உறவினர்கள் கோபித்தால் கோபிக்கட்டும்.

இரண்டாவது, உடம்புக்கு உழைப்புக் கொடுக்கலாம். தசைகளும் மூட்டுகளும் அழுந்தும்படியான வேலை பல குழந்தைகளைச் சாந்தப்படுத்துகிறது என்பது இத்துறையினர் அநுபவத்தில் கண்டது. அதற்கு விலையுயர்ந்த சாமான்கள் வேண்டியதில்லை. சப்பாத்தி மாவு பிசையச் சொல்லலாம். சிறு குடத்தில் தண்ணீர் எடுத்துவரச் சொல்லலாம். பாயைச் சுருட்டவும் நாற்காலியை நகர்த்தவும் சொல்லலாம். உப்புமூட்டை தூக்குவதும், பச்சைக்குதிரை தாண்டுவதும், பாண்டி ஆடுவதும், பல்லாங்குழியில் புளியங்கொட்டை அள்ளுவதும், சேலையில் கட்டிய தூளியில் ஆடுவதும் மேற்படி நிலையங்களில் காண்பவற்றுக்கு நெருங்கிய உறவுதான். திருநீர்மலைவாசிகளுக்குக் காலை வேளையில் மலைப்படிகளே இருக்கின்றன. நமது பாட்டிமார்கள் நரம்பு சாஸ்திரம் அறிந்து இவற்றை ஏற்படுத்தினார்கள் என்று நாம் பெருமை பேசவில்லை. குழந்தைகளுக்கு ஆட்டமும் அசைவும் வேண்டும் என்று அவர்கள் அறிந்திருந்தார்கள். நாம் அடுக்குமாடி வீட்டில் கைப்பேசியைக் கொடுத்து உட்கார வைத்தபின் அதை மறந்துவிட்டோம். வலிப்பு வரும் குழந்தைகளைச் சுற்றவும் வேகமாக ஆட்டவும் வைத்தியரைக் கேளாமல் முற்படக்கூடாது. முகம் வெளுத்தாலோ வியர்த்தாலோ உடனே நிறுத்திவிட வேண்டும்.

மூன்றாவது, உணவில் போர் வேண்டாம். புதிய பண்டத்தைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டுச் சும்மா இருக்கலாம். இன்று பார்க்கட்டும், அடுத்த வாரம் தொடட்டும், அதற்கடுத்த வாரம் முகரட்டும். வாயைத் திறந்து திணிப்பதால் வயிறு நிரம்பலாம். பயமும் கூடவே நிரம்பும்.

உபாத்தியாயர்களுக்கும் ஒரு விண்ணப்பம். மணியடிக்கும் இடத்திலிருந்து தள்ளி ஓர் இருக்கை. நாற்பது நிமிஷத்துக்கு ஒருமுறை கரும்பலகையைத் துடைக்கவோ நோட்டுப் புத்தகங்களைச் சுமந்து போகவோ ஒரு சந்தர்ப்பம். இவ்வளவு செய்தால் வகுப்பிலே ஒரு குழந்தை நிலைத்து உட்காரக்கூடும்.

தேசம் செய்ய வேண்டியது

வசதியுள்ளவர்கள் எப்படியாவது சமாளித்துக்கொள்வார்கள். மற்றவர்கள்?

தென்சென்னைப் பக்கத்தார் நல்ல அதிர்ஷ்டம் உடையவர்கள் என்று சொல்லலாம். கோட்டூர்புரத்தில் வித்யாசாகர் நிறுவனம் 1985 முதல் தொண்டாற்றி வருகிறது. பல குறைபாடுகள் ஒருங்கே அமைந்தோரின் மேம்பாட்டுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் முட்டுக்காட்டில் 2005 முதல் இயங்குகிறது; தொழில்வழிச் சிகிச்சை, பேச்சுப் பயிற்சி முதலியவை அங்கே உண்டு. 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்படி, வளர்ச்சியில் பின்தங்கும் குழந்தைகளை அங்கன்வாடியிலும் பள்ளியிலும் கண்டறிந்து, மாவட்டத்துக்கு ஒன்றான ஆரம்பகால மையத்துக்கு அனுப்ப வேண்டும். பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையங்களிலும் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். ஆட்டிசம் உள்ளவர்களுக்கு நிரமயா என்ற காப்பீட்டில் வருஷத்துக்கு ஒரு லட்ச ரூபாய் வரையில் சிகிச்சைச் செலவு கிடைக்கும். இவற்றை அறியாத குடும்பங்கள் அநேகம். நேயர்கள் தங்கள் வீட்டு வேலைக்காரப் பெண்மணியிடமும் அடுத்த தெருக்காரரிடமும் இவற்றைச் சொல்வது ஒரு புண்ணியம்.

ஆயினும் ஒரு குறை. திருநீர்மலை 2021 முதல் தாம்பரம் மாநகராட்சியைச் சேர்ந்தது. அங்கிருந்து முட்டுக்காட்டுக்குப் போக ஊரைக் குறுக்கே கடந்து கடற்கரைக்கு வரவேண்டும். மாவட்டத் தலைநகராகிய செங்கற்பட்டோ இன்னொரு திசையில் தொலைவில் இருக்கிறது. ஹாரன் சத்தம் பொறுக்காத குழந்தையை, இடித்து நெரிக்கும் பஸ்ஸில் அந்தச் சத்தத்தின் நடுவே அழைத்துச் சென்று, போய்ச் சேர்ந்தபின் அமைதிப் பயிற்சி அளிப்பது என்ன பொருத்தம்? தினக்கூலி இழந்து வாரம் இருமுறை அப்படிப் போகக்கூடிய தகப்பன் எத்தனை பேர்? நான்கு வாரம் போவார்கள். ஐந்தாவது வாரம் நின்றுவிடுவார்கள். பயிற்சி தோற்றதாகக் கணக்கில் எழுதப்படும். தோற்றது பஸ் பிரயாணம்.

இதற்கு வழி நம் தமிழ்நாட்டிலேயே காட்டப்பட்டிருக்கிறது. தென்காசிப் பக்கத்து ஆய்க்குடியில், கடற்படை அதிகாரித் தேர்வில் நேர்ந்த விபத்தில் கைகால்களின் இயக்கத்தை இழந்த ராமகிருஷ்ணன் என்பவர் 1981-ல் அமர் சேவா சங்கத்தை நிறுவினார். அந்தச் சங்கத்தின் பணியாளர்கள் கிராமம் கிராமமாகச் சென்று, குழந்தையின் வீட்டுத் திண்ணையிலேயே பயிற்சி அளித்து, தாயாருக்கும் கற்றுக்கொடுக்கிறார்கள். நிபுணர்கள் அவர்களுக்குப் பின்னால் இருந்து வழிநடத்துகிறார்கள். தமிழ்நாடு அரசும் 'உரிமைகள்' என்னும் திட்டத்தின் கீழ் இத்தகைய உதவியை மக்களுக்கு அருகில் கொண்டுவர முனைந்திருக்கிறது. அந்த உதவி தாம்பரம் மாநகராட்சியின் ஒவ்வொரு பகுதிக்கும் வரவேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓர் அறை, வாரத்தில் இரண்டு நாள் வரும் ஒரு பயிற்சியாளர், உத்தரத்தில் நான்கு கொக்கிகள் போதும். கேட்பதற்கு அஞ்ச வேண்டியதில்லை. 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்று, அவர்களுடைய நலனை அரசின் கடமையாக்கியிருக்கிறது. புலன் தொல்லை மட்டும் உள்ள குழந்தை அந்த 21-ல் சேராது என்பது உண்மை. அதற்குச் சான்றிதழ் கிடைக்காது. ஆகையால் அந்தக் குழந்தைக்கு அண்டை அயலாரின் பொறுமையே இப்போதைக்குச் சட்டம்.

வருகிற முகூர்த்த நாட்களில் நமது நேயர்கள் பல கல்யாணங்களுக்குச் செல்வார்கள். எங்கேனும் ஒரு குழந்தை காதைப் பொத்திக்கொண்டு அழுதால், அதன் தாயிடம் யோசனை ஒன்றும் சொல்ல வேண்டாம். மேளத்துக்கு எட்டாத ஓர் அறை எந்தப் பக்கம் இருக்கிறது என்று விசாரித்து, வழிகாட்டிவிட்டு, பந்தியில் அவளுக்கு ஓர் இலை பிடித்து வையுங்கள்.